வெள்ளிக்கிழமை மங்கும் வானம்

கண்டி கட்டுக்கலையில், ஒரு திரைச்சீலைக் கடைக்கு மேல்மாடியில் வானத்தை வைத்திருக்கிறார்கள். முழு வானம் என்று சொல்ல முடியாது. ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே ஒரு மலையிலிருந்து தெரிகிற அளவுதான். அதுவும் மழையும் பனிமூட்டமும் விட்டுவைத்த இரவுகளில் மட்டும். அந்த மலையில் ஒரு தொலைநோக்கி இருக்கிறது. பொழுது சாய்ந்ததும் அதன் கூரை தானாகத் திறக்கும். விடியும்வரை வானத்தைத் துண்டு துண்டாகப் படமெடுக்கும். காலையில் அந்த நானூறு, ஐந்நூறு படங்களும் கட்டுக்கலைக் கணினிகளுக்கு வந்து சேரும். அவற்றைச் சுத்தம் செய்து, ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் இடமும் வெளிச்சமும் அளந்து, அட்டவணையாக்கி, மூன்று பிரதி எடுத்து, உலகத்தில் யார் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கிற பொறுப்பு சஞ்சீவனியுடையது.

"எங்க வீட்டம்மா நட்சத்திரத்துக்கு ஃபைல் போடுறாங்க" என்று அவளுடைய கணவன், பாடசாலை வேன் ஓட்டுகிறவன், கேட்பவர்களிடமெல்லாம் சொல்வான். அதைவிடத் தெளிவாக யாரும் அந்த வேலையை விளக்கியதில்லை.

சஞ்சீவனி கலஹாவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். பிறப்பைப் பதிந்த யாரோ ஒரு புண்ணியவான் பெயரை 'சஞ்சீவன்' என்று எழுதி, அதற்குப் பொருத்தமாக 'ஆண்' என்றும் போட்டுவிட்டார். பள்ளிக்கூடத்தில் சேர, பரீட்சை எழுத, அடையாள அட்டை எடுக்க, ஒவ்வொன்றுக்கும் தான் பெண்தான் என்று சத்தியக்கடதாசி கொடுத்தாள். கலியாணத்துக்கு இரண்டு கொடுக்க வேண்டியிருந்தது. கடைசியில் ஒருநாள் பிழை திருத்தப்பட்டது. பதிவு அலுவலகத்தில் போய்ப் பார்த்தால், பதிவேட்டில் பழைய எழுத்து அப்படியே இருந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் சரியான விவரமும், தேதியும், ஒரு கையெழுத்தும். "எழுதினத அழிக்க ஏலாது, பக்கத்துல எழுதத்தான் ஏலும்" என்று அங்கிருந்த லிகிதர் சொன்னார். இத்தனை வருஷம் தன்னை ஆட்டிவைத்த பிழைமேல் கோபம் வரவேண்டிய இடத்தில், அவளுக்கு அந்த ஒழுங்கின்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. பிறகு அவளே ஒரு பதிவறையில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தாள். மாலை வகுப்பில் கணினி படித்தாள். அங்கிருந்து நட்சத்திரங்களுக்கு வந்தாள்.

அந்த வானியல் நிலையத்தின் தலைவர் பேராசிரியர் இராமநாதன், யாழ்ப்பாணத்துக்காரர். அவருக்கு இரண்டு பேரைப் பிடிக்காது: சாதகம் பார்க்கக் கேட்டு வருகிறவர்கள், காரணம் தெரியாத எண்களைக் கொண்டு வருகிறவர்கள். கணினிகளைப் பார்த்துக்கொள்வது அக்குறணைப் பளீல்.

போன பெப்ரவரியில் பின்லாந்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. உங்கள் கடைசி ஐந்து வருடப் படங்களை எடுத்து ஆராய்ந்தோம், மிகவும் நேர்த்தியாக இருக்கின்றன என்று தொடங்கி, இப்படி முடிந்தது: "ஒரே ஒரு சந்தேகம். வெள்ளிக்கிழமை இரவுகளில் உங்கள் வானத்தில் எல்லா நட்சத்திரங்களும் நூற்றுக்கு ஆறு பங்கு மங்கலாக இருக்கின்றன. உங்கள் நாட்டில் வெள்ளிக்கிழமைகளில் என்ன நடக்கிறது?"

சஞ்சீவனி அதை மூன்று தரம் வாசித்தாள். மெல்லிய முகில் படிந்தால்கூட நட்சத்திரம் மங்கும். அந்த மங்கலைக் கணினி தானே கணக்கிட்டு ஈடுசெய்துவிடும். எவ்வளவு ஈடுசெய்தது என்பது அட்டவணையில் ஒரு மூலைப் பத்தியில் விழும். அந்தப் பத்தியை யாரும் பார்ப்பதில்லை. அவள் அதை எடுத்துக் கோடாக வரைந்தாள். ஏழாவது நாள் தவறாமல் ஒரு பள்ளம். ஐந்து வருஷமாக!

"பிரபஞ்சத்துக்கு வெள்ளிக்கிழமை தெரியாது, பிள்ளை" என்றார் பேராசிரியர். "உது எங்கடை கம்பியூட்டரின்ரை பிழைதான்." சொன்னவர், அன்று வெள்ளிக்கிழமையாதலால், மரக்கறிச் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கெழமன்டா எங்களுக்கு ஜும்மா" என்றான் பளீல். "அது பகலோட முடியுமே மிஸ்."

இருந்தாலும் வாரத்துக்கு ஒருதரம் தானாக ஓடுகிற நிரல்களையெல்லாம் அவன் நிறுத்திப் பார்த்தான். அடுத்த வெள்ளியும் வானம் மங்கிற்று. பேராசிரியர் கட்சி மாறினார். வார இறுதிக்கு ஊர் போகிற சனம், அதனால் கூடுகிற பஸ், அதனால் எழும்புகிற புகை என்று நாலு பக்கக் கட்டுரையே எழுதத் தொடங்கிவிட்டார்.

"சேர், நான் ஒருக்கா மலைக்குப் போய்ப் பாத்துட்டு வாறேன்" என்றாள் சஞ்சீவனி.

அடுத்த வெள்ளி, திகன, தெல்தெனிய வழியாக பஸ் பிடித்து, கடைசி இரண்டு மைலை முச்சக்கரவண்டியில் ஏறி, பின்னேரம் ஐந்தரைக்கு அங்கே போய்ச் சேர்ந்தாள். கூரை இன்னும் திறக்கவில்லை. கதவைத் தள்ளினால் உள்ளே ஒன்றும் தெரியவில்லை. வெள்ளையாகப் புகை.

"ஐயோ, நெருப்பு!" என்று கத்தினாள்.

"நெருப்பு இல்ல மிஸ், சாம்பிராணி" என்று புகைக்குள்ளிருந்து குரல் வந்தது. குரலுக்குப் பின்னால் முத்துலிங்கம் வந்தார். அவர்தான் அங்கே பராமரிப்பாளர். நெற்றி நிறைய திருநீறு, கையில் தூபக்கால். "வாங்க, வாங்க. இப்பதான் முடிச்சேன்."

"என்னண்ணே இது?"

"இன்னிக்கி வெள்ளிக்கெழமயாச்சே."

"அதுக்கு உள்ளயா போடுவீங்க?"

"சாமான் உள்ளதானே இருக்கு" என்றார் முத்துலிங்கம், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

தொலைநோக்கியின் முகப்புக் கண்ணாடிக்கு ஒரு மூடி உண்டு. பின்னேரம் கழற்றுவதும் காலையில் போடுவதும் அவர் வேலை; கழன்ற நேரம் கணினியில் தானாகப் பதிவாகும். மூடி கழன்றுதான் இருந்தது. "மூஞ்சிக்குக் காட்டாம எப்படி மிஸ்?" என்றார். மறுநாள் காலை, கொடுத்திருந்த மெல்லிய துணியால் கண்ணாடியில் படிந்த புகையை நன்றாகத் துடைத்துவிடுவாராம். அதனால்தான் சனிக்கிழமை வானம் பளிச்சென்று இருந்திருக்கிறது.

"ராத்திரி பூரா கண்ண மூடாம மேல பாத்துக்கிட்டே இருக்கு. எத்தன கண்ணு பட்டிருக்கும்? மொத வருஷம் மூணு வாட்டி பழுதாச்சே, ஞாபகம் இருக்கா? நான் சாம்பிராணி போட ஆரம்பிச்சப்பறம் ஒரு வாட்டி ஆகியிருக்கா? நீங்களே சொல்லுங்க."

அவளுக்குப் பழுதுப் பதிவேடு மனப்பாடம். ஒரு வாட்டிகூட ஆகவில்லை.

விஷயத்தைக் கேட்ட பேராசிரியர் நாலு பக்கக் கட்டுரையை மேசை லாச்சிக்குள் வைத்தார். பிறகு, இனிமேல் தொலைநோக்கி அறையில் புகை எதுவும் கூடாது என்று கடிதம் அனுப்பினார். முத்துலிங்கம் மனதில்லாமல் நிறுத்தினார். மூன்றாவது வாரம் கூரை பாதியில் நின்றுவிட்டது. பளீல் போய்ப் பெட்டியைத் திறந்தால், மோட்டாருக்குப் பக்கத்தில் பல்லி. ஒன்றல்ல, குடும்பம்.

"சேர், சாம்பிராணி மணத்துக்குத்தான் இதுகள் வராம ஈந்திருக்கி" என்று அங்கிருந்தே போன் பண்ணினான்.

ஒரு பக்கம் விஞ்ஞானம், ஒரு பக்கம் பல்லி. இரண்டு வாரம் யோசித்து, மூன்று கூட்டம் போட்டு, வெளிநாட்டுப் பூச்சிவிரட்டிக்கு விலை கேட்டு, கடைசியில் பேராசிரியர் தானே மலையேறினார்.

"முத்துலிங்கம், உதைக் காலமையில செய்யேலாதோ? மூடியைப் போட்டிட்டு?"

"செய்யலாமுங்க சேர்" என்றார் முத்துலிங்கம். "யாரும் கேக்கலையே."

அதோடு வெள்ளிக்கிழமை வானம் தெளிந்தது. ஆனால் பழைய ஐந்து வருஷம்?

"உந்த வெள்ளிக்கிழமையளைத் தூக்கி விடுவம்" என்றார் பேராசிரியர். "ஒருத்தருக்கும் தெரியத் தேவையில்லை."

சஞ்சீவனி அவரோடு எதிர்த்துப் பேசியதே இல்லை. அன்று கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். "எடுத்த படத்த அழிக்க ஏலாது சேர். பக்கத்துல எழுதலாம்."

"என்னெண்டு எழுதிறது? சாம்பிராணி எண்டோ?"

"ஆமா சேர்."

அவர் அவளைப் பார்த்தார். அவள் உட்காரவில்லை. "சரி, எழுதுங்கோ" என்றார்.

எந்தெந்த வெள்ளியில் புகை, எந்தெந்த வெள்ளியில் இல்லை என்று சரியாகத் தெரிய வேண்டும். ஐந்து வருஷத்தில் வானம் தெளிந்த வெள்ளிகள் தொண்ணூற்றுநாலு. அதில் எட்டில் மங்கலே இல்லை. அவள் மறுபடியும் மலைக்குப் போனாள். முத்துலிங்கத்தின் வீட்டில் அவர் மனைவி பேச்சியம்மா தேத்தண்ணி கொடுத்துவிட்டு, தானும் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஒரு வெள்ளியும் விட்டதில்ல மிஸ்" என்றார் முத்துலிங்கம்.

"2022 ஜூலைல மூணு வெள்ளி போடலியே, அண்ணே."

அவர் வாயைப் பிளந்தார். "ஆமா. பெட்ரோலு இல்லாத நேரம். பஸ்ஸு ஓடல, சாம்பிராணி வாங்க திகனைக்குப் போக முடியல. அதெல்லாமா படத்துல தெரியுது?"

"இது, நவம்பர்ல ரெண்டு?"

"எங்கப்பா செத்த நேரம்" என்றாள் பேச்சியம்மா. "எழுதிக்கங்க மிஸ்."

இரண்டு வெள்ளி காய்ச்சல். மிஞ்சியது ஒன்று. சஞ்சீவனி தேதியைச் சொன்னாள்.

"அன்னிக்கி இங்கதான் இருந்தேன்" என்றார் முத்துலிங்கம், கொஞ்சம் வேகமாக. "கூரைல கோளாறு. விடிய விடிய வேல."

"ஆமா மிஸ், எனக்கு நல்லா ஞாபகம்" என்றாள் பேச்சியம்மா. "அன்னிக்குத்தான் எங்க தங்கச்சி மகளுக்குச் சடங்கு. வேலன்னுட்டு இவரு வரல. நான் தனியா போய் எல்லார்கிட்டயும் பேச்சு வாங்கினேன்."

சஞ்சீவனிக்கு மடிக்கணினியைத் திறந்தால் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது மறந்துபோகும். "கூரைல ஒரு கோளாறும் இல்லயே" என்று தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னாள். "கண்ணாடி மூடி மூணரைக்கே கழண்டிருக்கு. அப்பறம் இது என்ன, மேக்குப் பக்கம் வானம் இவ்வளவு வெளிச்சம்? பல்லேகல கிரிக்கெட் கிரவுண்ட்ல லைட் போட்டா மட்டுந்தானே இப்படி வரும்..."

சொல்லி முடித்த பிறகுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். முத்துலிங்கம் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

பேச்சியம்மா கொஞ்சமும் சத்தம் போடவில்லை. "யாரு ஜெயிச்சா?" என்று சாதாரணமாகக் கேட்டாள்.

"எங்க, கடைசி ஓவர் வரைக்கும் இழுத்துட்டாங்கல்ல..." என்று முகம் மலர்ந்து ஆரம்பித்த முத்துலிங்கம், அந்த இடத்திலேயே நின்றுபோனார்.

அந்தத் தேதிக்கு எதிரே சஞ்சீவனி 'புகை இல்லை' என்று மட்டும் எழுதினாள். அதற்கு மேல் வானியலுக்குத் தேவையில்லை.

அட்டவணையில் இதற்கென்று சேர்த்த புதிய பத்திக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். ஆங்கிலத்தில் எட்டு எழுத்துக்கு மேல் கணினி ஏற்காது. 'சாம்பிராணி' என்று ஆங்கில எழுத்து ஒன்பதில் அடித்தாள். கடைசி எழுத்து வெட்டுப்பட்டு 'சாம்பிரான்' ஆகிவிட்டது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டாள். மூன்று மாதம் கழித்துப் பின்லாந்துக்காரர்களின் கட்டுரை வெளியானது. அதில் 'சாம்பிரான் திருத்தம்' என்று ஒரு தனிப் பகுதி. கூடவே ஒரு மின்னஞ்சல்: பேராசிரியர் சாம்பிரான் அவர்களின் மூலக் கட்டுரையை மேற்கோள் காட்ட விரும்புகிறோம், எங்கே கிடைக்கும்? அவர் இன்னும் பணியில் இருக்கிறாரா?

"ஓய்வுபெற்றிட்டார் எண்டு எழுதிவிடுங்கோ பிள்ளை" என்று பேராசிரியர் கெஞ்சினார். "எனக்கு அடுத்த மாதம் அவையின்ரை கூட்டத்தில பேசோணும்."

சஞ்சீவனி உள்ளதை உள்ளபடி எழுதினாள்: தூபக்கால், மூடி, பல்லி எல்லாம். அனுப்பிவிட்டு, வேலை போனாலும் போகட்டும் என்று கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. நாங்கள் எல்லாரும் சேர்ந்து வாசித்தோம், சிரித்து முடிய அரை மணி ஆனது, இவ்வளவு நேர்மையான குறிப்பை எந்தக் காப்பகத்திலும் பார்த்ததில்லை, எங்களுக்கும் ஒரு பெட்டி சாம்பிராணி அனுப்ப முடியுமா? அடுத்த மாதக் கூட்டத்தில் பேராசிரியர் அந்தக் கதையைத் தானே எடுத்துவிட்டு, நல்ல கைதட்டல் வாங்கினார். பல்லியைக் கண்டுபிடித்தது தான் என்பதுபோலவும் கொஞ்சம் சொன்னார் என்று பளீலுக்கு மனவருத்தம்.

வருஷ முடிவில், காப்பகத்தின் இணையத்தளத்தை எங்கெங்கிருந்து யார் பார்க்கிறார்கள் என்று அறிக்கை எடுத்தார்கள். முதலில் பின்லாந்து. இரண்டாவது ஹுன்னஸ்கிரிய. ஒரே ஒரு தொலைபேசியிலிருந்து, சனிக்கிழமை தவறாமல், மூடி கழன்ற நேரமும் மேற்குப் பக்க வெளிச்சமும் மட்டும். கிராமிய மட்டத்தில் வானியல் ஆர்வம் கணிசமாக வளர்ந்துள்ளது என்று பேராசிரியர் அறிக்கையில் எழுதினார்.

அந்த வாரமே முத்துலிங்கம் கட்டுக்கலைக் கந்தோருக்குப் போன் பண்ணினார்.

"மிஸ், அந்த வெப்சைட்ட மேட்ச் நடக்கிற அன்னிக்கி மட்டும் மூடி வைக்க ஏலாதா?"

"ஏலாதுண்ணே. அது ஊர் உலகத்துக்கே திறந்தது."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "அப்ப சரி மிஸ். ரெண்டு டிக்கெட்டாவே எடுத்துர்றேன்."