டிராயரில் நாலு கண்ணாடி

கண்ணாடிக்கடைக்காரருக்கு வெள்ளெழுத்து வந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. கயிறு கட்டிய கண்ணாடி நெஞ்சில் தொங்காமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவர் ஒருநாள் குளியலறையில், ஷாம்பு பாக்கெட்டின் முதுகில் இருந்த பொடி எழுத்தை வெறுங்கண்ணால் கடகடவென்று வாசித்துவிட்டார். ஷாம்பு பாக்கெட்டை அவ்வளவு ரசித்துப் படித்தவர் உலகத்திலேயே தான் ஒருவனாகத்தான் இருக்கும் என்று பின்னால் அவரே சொல்லிச் சிரிப்பார்.

கொஞ்ச நாளாகக் குடித்துவந்த கேரட் ஜூஸின் மகிமை என்று அன்றைக்கு முடிவுகட்டினார். காலையில் ஒரு டம்ளர், மாலையில் ஒரு டம்ளர். நடுவில் தாகம் எடுத்தால் பாட்டில் குளிர்பானம். கேரட் கண்ணுக்கு நல்லது, சர்க்கரை கேரட்டுக்கு நல்லது என்பது அவர் கொள்கை. கரைய இடமில்லாமல் டம்ளரின் அடியில் மணலாகப் படிந்ததைச் சுரண்டித் தின்றால்தான் குடித்த திருப்தி.

கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கேரட் உபதேசம் நடந்தது. பஸ் டிரைவரான மனைவியின் தம்பி ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இப்படியே போனா மாமா, கடையில கேரட்தான் விக்கணும்" என்றான்.

கிட்டத்துப் பார்வை வந்த வழியாகத் தூரத்துப் பார்வை போய்விட்டது. ஒரு மதியம் எதிர்ச் சாரியில் மனைவி நிற்பதைப் பார்த்து, சாப்பாட்டை உள்ளே கொண்டுவராமல் அங்கே என்ன வேடிக்கை என்று கூப்பிட்டார். அசையவில்லை. நேற்று என்ன தப்புச் செய்தோம் என்று யோசித்துப் பார்த்து, இரண்டு மூன்று தப்புகள் ஞாபகம் வந்து, பவ்யமாகக் கிட்டே போனார். துணிக்கடை வாசலில் புடவை கட்டி நிறுத்தியிருந்த பொம்மை.

உடனே தனக்குத் தூரத்துக் கண்ணாடி ஒன்று செய்துகொண்டார். இரண்டு வாரத்தில் அது ஒத்துவரவில்லை. இன்னொன்று செய்தார். அதுவும் மங்கியது. மூன்றாவதும் நாலாவதும் அதே மாதிரி டிராயருக்குள் போயின. பரிசோதனை மெஷினைத் திட்டினார். லென்ஸ் சப்ளை செய்கிறவரிடம் போனில் சண்டை போட்டார். இதற்கிடையில் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. இளைத்துவிட்டேன் பார் என்று பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக் காட்டினார். மணிக்கொரு தடவை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கழிவறைக்கு ஓடுவதையும் நல்ல உடற்பயிற்சி என்றே எடுத்துக்கொண்டார்.

அன்று ஒரு டீச்சரம்மா வந்தார். போட்ட கண்ணாடி மாதத்துக்கு மாதம் ஒத்துவராமல் போகிறது என்றார். கடைக்காரர் நாற்காலியில் நிமிர்ந்தார். இருபது வருஷமாகச் சொல்லிச் சொல்லி வாயில் ஊறிப்போன பதில் அவரிடம் இருந்தது.

"பவர் இப்படி மாறிக்கிட்டே இருந்தா கண்ணாடியைக் குறை சொல்லக் கூடாதும்மா. முதல்ல சுகர் டெஸ்ட் பண்ணிட்டு வாங்க. அப்புறம் கண்ணாடி போட்டுக்கலாம்."

டீச்சரம்மா போனார். சாப்பாட்டுப் பாத்திரத்தோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவி மெதுவாக எழுந்து டிராயரை இழுத்தாள்.

"ஏங்க, இந்த நாலு கண்ணாடியும் யாரோடது?"

இந்தத் தடவை அவர் ஷட்டரை முழுசாக இறக்கினார். மனைவியின் பின்னாலேயே சுகர் டெஸ்டுக்குக் கிளம்பினார்.

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த கண் டாக்டரம்மா, ரத்தத்தில் சர்க்கரை எகிறினால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் நீர்கோத்து உப்பும், அதனால்தான் கிட்டத்தில் இருப்பது தெரிந்தது என்றார். இந்த நோய் வர வயசு, பரம்பரை என்று பல காரணம் உண்டு. ஆனால் தினமும் டம்ளர் டம்ளராக இனிப்பைக் குடித்தது அதற்குச் சிவப்புக் கம்பளம் விரித்த மாதிரி. பிறகு விளக்கை அணைத்து, விழிக்குப் பின்னால் நரம்புகளைப் பார்த்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. அந்த இருட்டில் கடைக்காரருக்குத் தமாஷ் எதுவும் தோன்றவில்லை. கண் போனால் தனக்கு வேறு என்ன வேலை தெரியும் என்பது ஒன்றுதான் தோன்றியது.

"இன்னும் கெடல. ஆனா இப்படியே விட்டா கெட்டுடும்" என்றார் டாக்டரம்மா. சர்க்கரை கட்டுக்குள் வந்து அந்த வீக்கம் வடியும்வரை புதுக் கண்ணாடி செய்யக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

அந்த வாரங்களில் மாத்திரை, நடை, வெறும் தண்ணீர். பசித்தால் கேரட்டைக் கடித்தே தின்றார். அதற்கென்று ஒரு ருசி இருப்பது அப்போதுதான் தெரிந்தது. கடையில் மனைவி பக்கத்தில் நின்று மேல் தட்டு லென்ஸ் உறைகளில் இருந்த எண்களை வாசித்துச் சொன்னாள். தப்பாக எடுத்தால் கையில் ஒரு தட்டு.

பிறகு ஒரு காலையில் குளியலறையிலிருந்து சத்தம் கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள். இடுப்பில் துண்டும் தலையில் நுரையுமாக, ஷாம்பு பாக்கெட்டைக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒரு எழுத்துகூடத் தெரியலடி" என்றார், பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளையின் முகத்தோடு.

அவள் வெளியே போய், கயிறு கட்டிய பழைய கண்ணாடியைக் கொண்டுவந்து அவர் கழுத்தில் மாட்டிவிட்டாள்.