மரியாதைக்கு இன்னும் ஒரு வருஷம்

எங்கள் வீட்டுக்கு வந்த ஒருவர் "அப்ப போட்டு வாறம்" என்று விடைபெற்றுக் கதிரையை விட்டு எழும்பினால், என் கணவர் அதைத் தனக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொள்வார். "என்ன கதை இது? இப்பத்தானே வந்தனீங்கள். இருங்கோவன், ஒரு ரீ குடிச்சிட்டுப் போகலாம்" என்பார். வந்தவர் வேண்டாம் என்பார். இவர் திரும்பக் கேட்பார். அவர் மறுபடியும் வேண்டாம் என்பார். மூன்றாம் முறை கேட்கும்போதுதான், அவர் உண்மையாகவே போக எழும்பினவரா, மரியாதைக்கு எழும்பினவரா என்பது தெரியும். ஒன்றில் நான் குசினியிலிருந்து ரீயோடு வருவேன், இல்லாவிட்டால் எல்லோருமாக வாசலுக்குப் போய் அங்கே இன்னொரு அரைமணித்தியாலம் நிற்போம். சிட்னியில் பிறந்த என் மகளுக்கு இந்தக் கூத்து விளங்காது. "அப்பா, ஆக்கள் பாய் சொன்னா, லெட் தெம் கோ" என்று ஆட்கள் போன பிறகு சலித்துக்கொள்வாள்.

இந்தப் பழக்கம் ஒரு ஹொக்கி ரீமைக் கவிழ்க்கும் என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

அது இரண்டாயிரத்துப் பதினொன்று. டூங்கபி, அதைச் சுற்றியுள்ள இடங்களிலிருந்த எங்கள் ஆட்கள் சேர்ந்து ஒரு விளையாட்டுக் கழகம் வைத்திருந்தார்கள். அதில் பெண்களுக்கு ஒரு ஹொக்கி ரீம் இருந்தது. பதினாறு வயது மகள்தான் கோல்கீப்பர். வெளியாட்களுக்கு முன்னால் வாய் திறக்காத பிள்ளை அவள். யாராவது அன்ரி "எப்பிடிப் பிள்ளை, படிப்பெல்லாம்?" என்று கேட்டால் என் முதுகுக்குப் பின்னால் போய்விடுவாள். ஆனால் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு கோல் வாசலில் நின்றால் வேறு ஆள். அவள் தன் பக்கத்துப் பிள்ளைகளை அதட்டுகிற சத்தம் கார் பார்க் வரை கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் நான் குளிரில் விறைத்துக்கொண்டு ஒவ்வொரு சனிக்கிழமையும் போனேன். ஹொக்கியில் எனக்கு வேறு எந்த அக்கறையும் இல்லை.

ரீமுக்கு ஒரு கோச், ஒரு மனேஜர். இருவரும் மச்சான்மார். கோச் ஊரில் பள்ளிக்கூட நாட்களில் விளையாடியவர், நல்ல மனிதர், குரல் உயர்த்திப் பிள்ளைகளை ஏசினதே இல்லை. ஆனால் அவருக்குத் தெரிந்த உத்தி ஒன்றே ஒன்று. "எல்லாரும் முன்னுக்குப் போங்கோ!" எல்லோரும் போவார்கள். பந்து பறிபோகும். பிறகு மற்ற ரீமின் நாலைந்து பேர் ஒன்றாக ஓடி வர, என் மகள் தன்னந்தனியாக நிற்பாள். மனேஜரோ அதற்கு மேல். ஒரு சனிக்கிழமை எங்களை லிட்கம் பக்கத்து மைதானத்துக்கு வரச் சொன்னார். நாங்கள் அங்கே மட்டன் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு இருந்தபோது, எங்களுடைய மாட்ச் வேறு மைதானத்தில் ஆளில்லாமலே தோற்றுக்கொண்டிருந்தது.

ஓரத்தில் மடக்குக் கதிரை போட்டு இருந்த தகப்பன்மார் கொதித்தார்கள். மற்றப் பக்கத்து வெள்ளைக்காரருக்கு விளங்காது என்ற துணிவில் தமிழில் வாய் கிழியத் திட்டினார்கள். எல்லோரிலும் கூடக் கத்தியது என் கணவர்தான். "உந்த ரெண்டு பேரையும் வச்சுக்கொண்டு நாங்கள் உருப்பட மாட்டம்" என்பார். இடைவேளையில் கோச் பக்கத்தில் வந்தவுடன் தேர்மொசைத் திறந்து, "அண்ணை, சுடச்சுட ரீ இருக்கு, எடுங்கோ" என்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருப்பேன்.

சீசனின் கடைசி மாட்ச் முடிந்து வரும்போது மகள் காருக்குள் சொன்னாள்: "அம்மா, அடுத்த வருஷமும் அந்த அங்கிள் எண்டா நான் விளையாடேல்லை." அழவில்லை, கோபமும் இல்லை, கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். அந்த நிதானம்தான் எனக்குப் பயத்தைத் தந்தது. அவளுக்குக் குரல் வருகிற இடம் உலகத்தில் அந்த ஒன்றுதான். அதுவும் போனால் இந்தப் பிள்ளை என்ன செய்யும்?

என் கணவரிடம் சொன்னேன். இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டு ஹோலில் பெற்றோர் எல்லோரும் கூடினார்கள். கோச்சையும் மனேஜரையும் மாற்றத்தான் வேண்டும், அதில் இரண்டாம் பேச்சில்லை. புதுக் கோச்சையும் பார்த்து வைத்திருந்தோம். ஸ்ட்ராத்ஃபீல்டில் இருந்த ஒரு பெண், தமிழ்நாடு, ஐடி வேலை, தன் யூனிவர்சிட்டிக்கு விளையாடியவர். "எனக்கு சந்தோஷங்க. ஆனா அவர் மனசை நோகடிச்சுட்டு நான் வரமாட்டேன்" என்று அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். யார்தான் நோகடிப்பது? "நீங்கள் சரியில்லை" என்று கோச்சின் முகத்துக்கு நேரே சொல்ல அந்த ஹோலில் ஒரு ஆண்பிள்ளையும் இல்லை. கடைசியில் என் கணவரே வழி கண்டுபிடித்தார். கழகத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் கோச், மனேஜர் தெரிவு நடக்கும்போது அவர்களுடைய பெயரை ஒருவரும் முன்மொழியக் கூடாது. வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்தால் போதும். பிறகு புதுப்பெயரைச் சொல்வது, அவ்வளவுதான். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கும் அது கெட்டித்தனமாகத்தான் பட்டது.

பொதுக்கூட்டம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. நான் முன்பக்கம் குசினி வாசலில் ரீ தட்டோடு நின்றேன். மகள் மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் பின்னால், சுவரில் சாய்ந்துகொண்டு நின்றாள். விளையாடுகிற பிள்ளைகளுக்கும் வாக்கு உண்டு என்று நான்தான் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். கழகத் தலைவர் வழக்கமான அறிக்கைகளை வாசித்து முடித்துத் தெரிவுக்கு வந்தபோது, கோச் தானாகவே எழும்பினார்.

"நானும் மச்சானும் கதைச்சனாங்கள்" என்றார். "எங்களுக்கும் வயது போகுது. இவ்வளவு காலமும் செய்திட்டம். இனி வேற ஆக்கள் செய்யட்டும்."

எனக்கு ரீ தட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆட வேண்டும் போல் இருந்தது. நாங்கள் வாயே திறக்கத் தேவையில்லை! மண்டபம் அமைதியாக இருந்தது. அந்த அமைதிதானே எங்கள் திட்டம். ஆனால் அது நீண்டுகொண்டு போனது. ஒரு மனிதர் போகிறேன் என்று எழும்பி நிற்கிறார், நூறு பேர் இருக்கிற சபையில் ஒருவரும் இரு என்று சொல்லவில்லை. கதிரைகள் கிறீச்சிட்டன, யாரோ தொண்டையைச் செருமினார்கள். நான் என் கணவரைப் பார்த்தேன். அவருடைய முகம் வேர்த்திருந்தது. ஐயோ, வேண்டாம், என்று எனக்குள் சொல்லி முடிக்கவில்லை, அவர் எழும்பிவிட்டார்.

"அண்ணை, என்ன கதை இது? உங்களை விட்டா எங்களுக்கு ஆர் இருக்கினம்?"

என் தலையில் இடி விழுந்தது. இருந்தாலும் ஒரு நம்பிக்கை. முதல் முறைதானே. "இல்லைத் தம்பி, போதும்" என்று கோச் சொன்னார். அவர் சொன்னதுதான் தாமதம், மற்றத் தகப்பன்மாருக்கும் பூட்டு உடைந்துவிட்டது. "அப்பிடிச் சொல்லாதேங்கோ அண்ணை!" என்றார், மைதானத்தில் அவரைக் கழுதை என்று திட்டின ஒருவர். "நீங்கள் இல்லாமல் என்ன ரீம்?" என்றார் இன்னொருவர். கோச் திரும்பவும் வேண்டாம் என்று கையை அசைத்தார். அன்ரிமார் சேர்ந்துகொண்டார்கள். ஸ்ட்ராத்ஃபீல்ட் பெண்கூட, பாவம், எல்லோரும் தன்னைப் பார்ப்பதாக நினைத்தாரோ என்னவோ, "ஆமாங்க, சாரே இருக்கட்டும்" என்றார். கைதட்டல் தொடங்கியது.

கோச் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சபை இவ்வளவு கேக்கேக்க மறுக்கிறது மரியாதை இல்லை. அப்ப இன்னும் ஒரு வருஷம்."

கைதட்டல் இன்னும் கூடியது. "ஆருக்கும் எதிர்ப்போ?" என்று தலைவர் கேட்டார். தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே, "இல்லை. ஏகமனதாக" என்று எழுதினார். நான் பேயறைந்த மாதிரி நின்றேன். என் கண் என் கணவரின் கைகளிலேயே இருந்தது. அவை தட்டிக்கொண்டிருந்தன.

கூட்டம் கலைந்த பிறகு கோச் வெறும் கோப்பையோடு குசினிக்குள் வந்தார். முகம் சாம்பலாய்ப் போயிருந்தது.

"தங்கச்சி, எனக்கு முழங்கால் ஏலாது" என்றார். "வீட்டில மனிசியும் விடச்சொல்லி ஒரே சண்டை. நான் உண்மையாத்தான் விட வந்தனான்."

நான் கோப்பையை வாங்கினேன். "பிறகு ஏன் ஓமெண்டனீங்கள்?"

"உங்கட அவர் சபையில எழும்பி நிண்டு கேக்கிறார். எப்பிடித் தங்கச்சி இல்லையெண்டிறது?"

போக வந்தவரை, போகட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தவர்களே பிடித்து இருத்தியிருக்கிறார்கள். அவரும் இருந்துவிட்டார். எனக்கு ஆத்திரத்தில் கண் நிரம்பியது. காருக்குள் ஏறியதும் இவரிடம் கொட்டினேன்.

"என்னப்பா செய்தனீங்கள்?"

"நான் மரியாதைக்குக் கேட்டனான். அவரெல்லோ வேண்டாம் எண்டிருக்கவேணும்!"

"அவர் ரெண்டு தரம் வேண்டாம் எண்டவர்."

"ரெண்டு தரம் ஆரும் சொல்லுவினம்" என்றார், மனதார.

அடுத்த சனிக்கிழமை மகள் கழகத்துக்குச் சொந்தமான கோல்கீப்பர் பையைக் கார் டிக்கியில் ஏற்றினாள். சீசன் முழுக்க வேர்வை நாறின அந்தப் பையை நான் எத்தனை தரம் திட்டியிருப்பேன். அன்று அதைத் தொடவே எனக்கு மனம் வரவில்லை. கோச் வீட்டு வாசலில் அதை இறக்கி வைத்துவிட்டு அவளே சொன்னாள்: "அங்கிள், நான் இனி விளையாடேல்லை."

"ஐயோ, என்ன பிள்ளை கதைக்கிறாய்? நீயில்லாமல் என்ன ரீம்?"

"நோ, தாங்க்ஸ் அங்கிள்."

"ஒரு வருஷம் பார், பிள்ளை."

"இல்லை அங்கிள்."

என் வாய் தானாகத் திறந்தது. அவள் சும்மா சொல்லுறாள் அண்ணை, யோசிச்சுச் சொல்லுவாள் என்று சமாளிக்க நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் விழுங்கிக்கொண்டேன்.

கோச் மூன்றாம் முறை கேட்கவில்லை. பையிலிருந்து ஹெல்மெட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. எனக்கு அது பொறாமை போலத்தான் தெரிந்தது. "இவ்வளவு லேசாச் சொல்லுறாய்" என்றார். "அண்டைக்கு மண்டபத்திலயும் எனக்காக நீ ஒருக்காச் சொல்லியிருக்கலாமே, பிள்ளை."

"நான் கை உயர்த்தினனான் அங்கிள்" என்றாள் மகள். "எதிர்ப்போ எண்டு கேக்கேக்க உயர்த்தினனான். ஒருத்தரும் பாக்கேல்லை."

அத்தனை பேர் இருந்த மண்டபத்தில், தாளிலிருந்து கண்ணை எடுக்காத தலைவரை விட்டால், பின்சுவரை நேரே பார்க்கக்கூடிய இடத்தில் நின்றது நான் ஒருத்திதான்; நானோ இவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பிள்ளையின் கை எவ்வளவு நேரம் அப்படியே மேலே நின்றதோ, எனக்குத் தெரியாது.

அவள் காருக்கு நடந்தாள். நானும் போகத் திரும்பினேன். அப்போது கோச்சின் மனைவி உள்ளேயிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "என்ன, வாசலோட போறியள்? இருங்கோவன், ஒரு ரீ குடிச்சிட்டுப் போகலாம்."

வேண்டாம் என்றேன். திரும்பக் கேட்டார். பிள்ளை காருக்குள் இருக்கிறாள் என்றேன். மூன்றாம் முறையும் கேட்டார்.

நான் உள்ளே போய் இருந்து ரீ குடித்தேன். மகள் காருக்குள் காத்துக்கொண்டிருந்தாள்.