ஹாரனின் வண்டிக்கு வெள்ளை அடித்த கதை

ஒருவரைக் கோபக்காரர் என்று சொல்லிவிட்டால், அவர் எதற்காகக் கோபப்படுகிறார் என்று கேட்கும் வேலை நமக்கு மிச்சம். மெத்தைக் கம்பெனியின் கிடங்கில் ஓர் ஓட்டுநருக்கு ஹாரன் என்று பட்டப்பெயர் விழுந்ததும் அந்தச் சோம்பலில்தான். சத்தமாகப் பேசுவார், உண்மை. அதே விஷயத்தை மெதுவாகச் சொல்லியிருந்தால் யாராவது காது கொடுத்திருப்பார்களா என்பது வேறு கேள்வி.

கிடங்கில் அவர் வண்டிக்குப் பக்கத்து இடத்தில் வண்டி நிறுத்துகிறவர் நேரெதிர். கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். அதனால் அவர் சைலன்சர். ஹாரனும் சைலன்சரும் கூட்டாளிகளாக இருந்ததில் மற்ற ஓட்டுநர்களுக்கு ஓயாத வேடிக்கை. "ரெண்டும் ஒரே வண்டியில இருக்க வேண்டிய சாமான்தானே" என்பார்கள்.

அந்தக் கம்பெனியில் வண்டி ஓட்டுநருக்குச் சொந்தம், நிறம் கம்பெனிக்குச் சொந்தம். ஹாரனின் பழைய பிக்கப் சேர்ந்த வாரமே ஆரஞ்சு நிறமானது. இரண்டு கதவுகளிலும் கண்ணை மூடித் தூங்கும் நிலா ஒன்றை ஒட்டினார்கள். ராத்திரி ஊர் முழுக்கத் தூங்கட்டும் என்று பகல் முழுக்க மெத்தை சுமந்தவர் அவர். வலது தோள் அந்த வேலையில்தான் போனது. சட்டைக்குள் அந்தக் கையை நுழைக்கக்கூட இடது கை உதவ வேண்டும்.

சிக்கல் ஹெல்பரில் ஆரம்பித்தது. வண்டிக்கு ஒரு ஹெல்பர் என்று இருந்ததைக் கம்பெனி ஒருநாள் நிறுத்திவிட்டது. இனி ஓட்டுநரே மெத்தையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற வேண்டும். இரட்டைக் கட்டில் மெத்தையைத் தனியாகப் படியில் ஏற்றிப் பார்த்தவருக்குத் தெரியும்: அது வளைந்து, முகத்தில் சாய்ந்து, கீழே தள்ளும். ஓட்டுநர்கள் டீக்கடையில் கூடிப் பேசினார்கள். அன்று முடிவாகச் சொன்னவர், எல்லோருக்கும் ஆச்சரியம், சைலன்சர்தான். "நாம போய்ப் பேசுவோம்" என்றார்.

மேல் மாடியில் மேனேஜர் அறைக்கு லிஃப்டில் போனார்கள். கதவு திறந்தது. உள்ளே போனதும் எல்லோரும் தரையில் எதையோ தொலைத்துவிட்ட மாதிரி குனிந்துகொண்டார்கள். ஹாரன் மட்டும் பேசினார். "நீங்க வெறுங்கையோட மேல வர லிஃப்ட் வேணும். நாங்க மெத்தையோட படியில ஏறணுமா?" என்று கேட்டபோது கண்ணாடித் தடுப்பு அதிர்ந்தது. மேனேஜர் மற்றவர்களைப் பார்த்து, "உங்களுக்கும் இதே குறையா?" என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று ஹாரனுக்குப் போன் வந்தது.

பல இடம் அலைந்து, ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் லாண்டரி ஒன்றில் வேலை கிடைத்தது. அதற்கும் ஒரு நிபந்தனை. லாண்டரி சூப்பர்வைசர் போனில் சொன்னார்: "வேற கம்பெனி கலர்ல வண்டி கேட்டுக்குள்ள வரக்கூடாதுங்க. திங்கட்கிழமை காலையில வெள்ளையா வந்தா லோடு. இல்லேன்னா வேற ஆள் ரெடியா இருக்கார்." பெயின்ட் ஷெட்டில் விசாரித்தால், வரிசை இருக்கிறது, அடுத்த வாரம் வா என்றார்கள். கையில் இருந்தது சனியும் ஞாயிறும்.

அப்போதுதான் சைலன்சர் தானாகப் போன் செய்தார். ஓட்டுநர் ஆவதற்கு முன்னால் பெயின்ட் ஷெட்டில் ஸ்ப்ரே கன் பிடித்தவர். "கம்ப்ரஸர் நான் கொண்டாரேன்" என்றார். அவ்வளவுதான். அதில் பெருந்தன்மை எதுவும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. உறுத்தல் இருந்தது. உறுத்தலை வைத்துக்கொண்டு சும்மா இருப்பவர்களே அதிகம் என்பதால், இதைச் சொல்லி வைக்கிறேன்.

சனிக்கிழமை காலை, வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் வண்டி நின்றது. சிமென்ட் தரையில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கினார்கள். பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேல் தலையை நீட்டினார்.

"என்ன பண்றீங்க?"

"வண்டிக்கு வெள்ளை அடிக்கிறோம்க்கா."

"வெள்ளை அடிக்க அது என்ன சுவரா? என் கொடியில துணி காயுது. ஒரு பொட்டு விழுந்தாலும் துவைச்சுத் தந்துட்டுத்தான் போவீங்க, சொல்லிட்டேன்."

"குடுங்க, லாண்டரிக்குத்தான் போறேன்" என்றார் ஹாரன். அன்று அவர் சொன்ன ஒரே நகைச்சுவை அது.

ஹாரனின் மனைவி பார்லரில் வேலை பார்ப்பவர். முடி காய வைக்கும் டிரையரை எடுத்து வந்து கொடுத்தார். சைலன்சர் அதை நிலாவின் முகத்துக்குக் காட்டினார். சூடேறினால் ஸ்டிக்கர் பசை இளகும், விளிம்பைப் பிடித்து இழுக்கலாம். ஆனால் அது பழைய ஸ்டிக்கர். கொஞ்சம் வரும், கிழியும். நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது. நிலா போன இடத்தில் வெயில் படாத ஆரஞ்சு, புதுசு போலப் பளிச்சென்று தெரிந்தது.

"பழைய சரக்கு, அதான் அடம்பிடிக்குது" என்றார் சைலன்சர், இழுத்துக்கொண்டே. "இப்ப எங்க கம்பெனியில புது ஸ்டிக்கர் வந்திருக்கு. சட்டுனு உரிஞ்சிரும்."

பானெட்டை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்த ஹாரனின் கை நின்றது.

"என்ன சொன்ன?"

"புது ஸ்டிக்கர் சட்டுனு..."

"அதுக்கு முன்னாடி."

சைலன்சருக்குப் புரிந்துவிட்டது. டிரையர் மட்டும் காற்றை ஊதிக்கொண்டிருந்தது.

இத்தனை வருஷமும் இருவரும் அதை 'நம்ம கம்பெனி' என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். திட்டும்போதும் நம்ம கம்பெனிதான். 'நம்ம' என்றால் கேட்கிறவனும் உள்ளே. 'எங்க' என்றால் கேட்கிறவன் வாசலில். நம் மொழியில் இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் ஒரு கதவு இருக்கிறது. பேசுகிறவன் யோசிக்காமலே அதைச் சாத்திவிட முடியும்.

"எங்க கம்பெனி" என்று ஹாரன் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அவர் மெதுவாகப் பேசினால்தான் பயம். "அன்னைக்கு டீக்கடையில என்னடா சொன்ன? 'நாம போய்ப் பேசுவோம்'னு சொன்னியா இல்லையா?"

"சொன்னேன்."

"கதவு திறந்ததும் அந்த 'நாம' எங்கடா போச்சு? ஒண்ணுக்குப் போச்சா?"

"வாய் தவறி வந்துருச்சுடா இப்ப."

"இப்ப தவறல. இப்பதான் சரியா வந்திருக்கு. அன்னைக்குத்தான் உன் வாய் தவறி 'நாம'ன்னு சொல்லிருச்சு."

சைலன்சர் டிரையரை அணைத்தார். பேசாமல் இருந்திருந்தால் அதோடு போயிருக்கும். வாழ்நாள் முழுக்க வாயைக் கட்டியவர், அவிழ்க்கக் கூடாத இடம் பார்த்து அவிழ்த்தார்.

"கோவப்படாத. நீ கத்தினது ஒண்ணும் வீணாப் போகல. போன மாசத்துல இருந்து ஹெல்பர் குடுத்துட்டாங்க."

ஹாரன் உப்புத்தாளை பானெட் மேல் வைத்தார்.

"யாருக்கு?"

"எல்லா வண்டிக்கும்."

"எல்லா வண்டிக்கும்னா? இந்த வண்டிக்குமா?"

சைலன்சர் டிரையரின் ஒயரைச் சுற்றத் தொடங்கினார்.

"போன மாசம் குடுத்ததை இன்னைக்குச் சொல்ற. அதுவும் ஸ்டிக்கர் கதையோட சேர்த்து. நான் கத்துவேன், நீங்க வாங்கிப்பீங்க. நான் வீட்டுல உக்காந்திருப்பேன், உங்களுக்கு மெத்தை தூக்க ஆள் வரும். இதை என்கிட்ட சொல்ல உனக்கு ஒரு மாசமும் ஒரு டிரையரும் தேவைப்பட்டுச்சு. கிளம்பு!"

"வண்டி..."

"என் வண்டி. எந்திரிச்சுப் போடா!"

மதிலுக்கு அந்தப் பக்கம் அக்கா அவசரமாகத் துணிகளை எடுப்பது கேட்டது. சைலன்சர் டிரையரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனார்.

அந்தக் கோபம் நியாயமானதா என்றால், நியாயமானதுதான். சரியான ஆளின் மேல் விழுந்ததா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். கம்பெனிக்கு முகம் கிடையாது, போன் நம்பர்தான் உண்டு. வாய் திறக்காத மற்றவர்கள் அன்று அவரவர் வீட்டில் இருந்தார்கள். அத்தனை பேரில் கம்ப்ரஸரோடு வந்து நின்றது ஒருவர். திட்டு விழ வாகாகக் கை எட்டும் தூரத்தில் இருந்ததும் அந்த ஒருவர்தான். நாம் பெரும்பாலும் இப்படித்தான் கோபப்படுகிறோம். தூரத்தில் நிற்பவனை விட்டுவிடுகிறோம்.

அன்று முழுக்க ஹாரன் தனியாகத் தேய்த்தார். நசுங்கின இடங்களுக்குப் பட்டி வைத்தார், அது காய்ந்ததும் மறுபடி தேய்த்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு வசவு. தோள் கெஞ்சியது. பொழுது சாயும்முன் பெயின்டுக்கு அடிப்பூச்சான பிரைமராவது அடித்துவிடலாம் என்று கம்ப்ரஸரைப் போட்டு, கன்னைக் கையில் எடுத்தார். கன்னை ஓட்டம் நிற்காமல் நகர்த்த வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் பெயின்ட் வழியும். அவர் மனசு நின்ற இடத்திலெல்லாம் கையும் நின்றது. நிலா இருந்த கதவில் பிரைமர் மெழுகுவத்தி உருகின மாதிரி கோடு கோடாக இறங்கியது. துடைக்கப் போனார், இன்னும் அசிங்கமானது. கன்னை வாளிக்குள் போட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார்.

மனைவி வந்து பார்த்தார்.

"என்னங்க இது?"

"வெள்ளை வண்டி."

"திங்கட்கிழமை இதை எடுத்துட்டுப் போனா, வண்டிக்கு உடம்பு சரியில்லைன்னு நினைச்சு ஆஸ்பத்திரியிலயே சேர்த்துப்பாங்க" என்றார் அவர். "காலையில வந்த அண்ணனுக்கு நான் போன் பண்ணவா?"

"பண்ணினா நான் வீட்டை விட்டுப் போயிடுவேன்."

"எதுல போவீங்க? இதுலயா?"

அவர் போன் செய்யவில்லை. செய்ய வேண்டியும் இருக்கவில்லை. ஞாயிறு காலை சைலன்சரே வந்து வாசலில் நின்றார்.

"கம்ப்ரஸர் எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார், ஹாரனின் மனைவியிடம். கண் மட்டும் கதவில் வழிந்திருந்ததைப் பார்த்தது. "இதை யாரும்மா அடிச்சது?"

"கோவம் அடிச்சதுண்ணே. உள்ள வாங்க. அவர்கிட்டப் பேச வேண்டாம், வண்டிகிட்டப் பேசுங்க. உங்க ரெண்டு பேர் பஞ்சாயத்தையும் திங்கட்கிழமைக்கு அப்புறம் வெச்சுக்கலாம்."

சைலன்சர் சட்டையைக் கழற்றி மதிலில் போட்டு, வாட்டர் பேப்பர் என்னும் உப்புத்தாளை நனைத்து, வழிந்த கோடுகளைத் தேய்க்க உட்கார்ந்தார். ஹாரன் வெளியே வந்து பார்த்தார். போ என்று சொல்ல வாயெடுத்திருப்பார். ஆனால் நாளைக்குத் திங்கட்கிழமை. கோபத்தைக் காட்டினால் வேலை போகும், வேலையைப் பார்த்தால் கோபத்தை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அவர் நின்றார். ஜன்னல் கண்ணாடிகளுக்குப் பழைய செய்தித்தாளை ஒட்டத் தொடங்கினார், டேப்பை ஒவ்வொரு முறையும் படீரென்று கிழித்து.

கதவுக்கு மறுபடி பிரைமர் அடித்து, அது காய்ந்து, வெள்ளை கலந்து தயாரானபோது சைலன்சர் தயங்கி நின்றார்.

"தனியா அடிக்க முடியாது" என்றார், வண்டியைப் பார்த்து. "கன்னோட காத்து ஓஸ் ஈரப் பெயின்ட்ல உரசும். பின்னாடி தூக்கிப் பிடிக்க ஒரு ஹெல்பர்..."

சொல் வெளியே வந்துவிட்டது. விழுங்க முடியவில்லை. ஹாரன் அவரை முறைத்தார். பிறகு துணியை எடுத்து மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, போன தோளால் ஓஸைத் தூக்கிப் பிடித்தார்.

கன் சீறியது. முகத்தைக் கட்டிய இருவரும் வண்டியைச் சுற்றி வந்தார்கள். முன்னால் போகிறவர் குனிந்தால் பின்னால் வருகிறவர் ஓஸைத் தாழ்த்தினார். இதற்குப் பேச்சு தேவைப்படவில்லை. இதைச் சமாதானம் என்று நினைக்க வேண்டாம். பழகிய கைகள் அவை, அவ்வளவுதான்.

சாயங்காலம் வண்டி வெள்ளையாக நின்றது. ஷெட்டில் அடித்த மாதிரி என்று சொல்ல மாட்டேன். பின்பக்கம் ஒரு இடத்தில் சொரசொரப்பு, அங்கங்கே தூசி. பரவாயில்லாத வேலை.

"நல்லா வந்திருக்கு" என்றார் சைலன்சர், டேப்பை உரித்தபடி.

"எது?"

"வண்டி."

"யார் வண்டி?"

சைலன்சர் வெகுநேரம் யோசித்தார். 'நம்ம' நாக்கு நுனி வரை வந்திருக்க வேண்டும்.

"உன் வண்டி" என்றார்.

"ம். நாளைக்கு உங்க கம்பெனிக்குப் போய்ச் சொல்லு, ஹெல்பர் யாரால வந்தான்னு. சத்தமா சொல்லு. சொல்லிட்டு எனக்குப் போன் பண்ணு. இல்லேன்னா பண்ணாத."

திங்கட்கிழமை லாண்டரி வாட்ச்மேன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, சொரசொரப்பை விரலால் தடவி, கேட்டைத் திறந்துவிட்டார். மாலையில் ஹாரன் கடைசி லோடு துணிமூட்டையை இறக்கும்போது போன் அடித்தது.

"சொல்லிட்டேன்" என்றார் சைலன்சர்.

"யார்கிட்ட?"

"ஹெல்பர்கிட்ட."

"சத்தமாவா?"

"கொஞ்சம்."

ஹாரன் மூட்டையைத் தரையில் போட்டார்.

"நாளைக்கு மேனேஜர்கிட்டச் சொல்லு. மேல் மாடிதானே? பயப்படாமப் போ, லிஃப்ட் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.