ராஜாவின் கல்லறையில் உருளைக்கிழங்கு

அப்பாவும் அம்மாவும் பெர்லினில் என் வீட்டுக்கு வந்தபோது, ஊரில் தொடங்கிய சண்டையையும் பெட்டியோடு ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். செத்தபிறகு அப்பாவை எங்கே புதைப்பது என்பதுதான் சண்டை. ஆளோ கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார். மூன்று வேளையும் வக்கணையாகச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவின கையோடு சாவைப் பற்றிப் பேசுவார்.

எங்கள் ஊர் திண்டிவனத்துக்குப் பக்கம், பெருமுக்கல் மலை கண்ணுக்குத் தெரிகிற தூரம். கோயில் ஒன்றுதான், பாதர் ஒருவர்தான், பூசையும் ஒன்றுதான். கல்லறைத் தோட்டத்துக்கு நடுவில் மட்டும் ஒரு சுவர் நிற்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் மேல்சாதிக்காரர்கள், இந்தப் பக்கம் நாங்கள். அப்பா பாதி ஆயுசுக்கு மேல் அந்தப் பக்கத்து ஆட்களின் நிலத்தில் கூலிக்கு மாடாய் உழைத்தவர். வயதான காலத்தில்தான் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கினார். அதில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, போட்டால் பன்றி வந்து பறிக்கும் என்று ஒரு கறுப்பு நாயை வளர்த்தார். போன வருஷம் அது செத்தது. புங்கமரத்தடியில் புதைத்துவிட்டு வந்தவர், வாசலில் நின்றபடியே அறிவித்தார்.

“என்னையும் அங்கியே போட்டுடுங்க. செத்தும் அந்தச் சுவத்தப் பாத்துக்கினு படுக்க என்னால ஆவாது. அந்த நாயி ஒரு நாளாவது நீ எந்தத் தெருன்னு என்னக் கேட்டிருக்குமா?”

அம்மா அன்று பிடித்தாள் கோபத்தை. “பாதர் மந்திரிச்ச மண்ண வுட்டுட்டு நாய்கூடப் போய்ப் படுப்பாராம். ஊரு சிரிக்காதா? மாதாவே, இந்த மனுசனோட ஒரே பேஜாரு!” என்று எனக்குப் போனில் அழுதாள். அவர் விடவில்லை, அவளும் விடவில்லை. விமானத்திலும் இதே பேச்சுதானாம்.

நான் நர்ஸ். நாள் முழுக்க வார்டில் கிழவன் கிழவிகளின் சச்சரவைத் தீர்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், இங்கேயும் அதே கச்சேரி. எங்கேயாவது கூட்டிக்கொண்டு போனால் கொஞ்ச நேரம் வாயை மூடுவார்கள் என்றுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்ஸ்டாம் போக ரயிலேறினோம். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற நேரம்தான். அங்கே அந்தக் காலத்து ராஜாக்களின் அரண்மனைகளும் தோட்டங்களும் இருக்கின்றன என்பது மட்டும் எனக்குத் தெரியும். நானும் அதுவரை போனதில்லை.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் மூன்று பேருக்கும் பேச்சு நின்றுவிட்டது. பெரிய வட்டக் குளம், நடுவில் ஆள் உயரத்தைப் போலப் பல மடங்கு எகிறுகிற நீரூற்று. அதற்குப் பின்னால் ஒரு குன்று முழுவதையும் வளைத்து வளைத்துப் படி போல வெட்டி, ஒவ்வொரு படியிலும் திராட்சைக் கொடி ஏற்றியிருந்தார்கள். நடுவே அகலமான படிக்கட்டு. உச்சியில் மஞ்சள் நிறத்தில் அரண்மனை. செஞ்சிக் கோட்டையைப் பார்த்து வளர்ந்த கண் எனக்கு. ராஜா வீடு என்றால் பயமுறுத்துகிற மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். இது ஒரே ஒரு தளம், வெயிலில் சும்மா சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இந்த அழகைப் பார்க்க நம்மைப் போன்றவர்களும் வந்து நிற்கிறோமே என்று நினைத்து அழுதேவிட்டேன்.

அம்மா குளத்தைச் சுற்றியிருந்த பளிங்குச் சிலைகளைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “இன்னாடி இது, ஒண்ணுத்துக்கும் துணியே இல்ல!” என்றாள். ஆனால் ஒன்றைக்கூட விடாமல் சுற்றிப் பார்த்தாள். அப்பா திராட்சைக்கு நடுவே சுவரில் கண்ணாடிக் கதவு போட்ட மாடங்களின் முன்னால் நின்றுவிட்டார். உள்ளே அத்திச்செடி. குளிர் தாங்காது என்று இந்த ஏற்பாடு என்று சொன்னேன்.

“அத்திக்குக் கண்ணாடி வூடா! நம்மூர் ஓடையில கேக்க நாதியில்லாம நிக்குது. அடேங்கப்பா, இந்த ராஜா செடிய புள்ள மாதிரி வளர்த்திருக்கான் பாரு.” கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு அவர் நகரவே இல்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு பிரமிப்பை நான் பார்த்ததில்லை.

மெதுவாக மேலே ஏறினோம். அரண்மனைக்குப் பக்கவாட்டில், புல்தரையில் தரையோடு தரையாக ஒரு கல். அதில் ஒரு பெயர், அவ்வளவுதான். கல்மீது ஏழெட்டு உருளைக்கிழங்குகள் கிடந்தன. கல்லறை என்று அம்மாவுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. கல்லறைத் திருநாளுக்கு எங்கள் ஊரில் சொந்தக் கல்லறையைக் கழுவுகிறவர்கள், பக்கத்தில் கேட்பாரற்றுக் கிடக்கிற கல்லறையையும் கூட்டிப் பெருக்கி ஒரு மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டுத்தான் வருவார்கள். அந்தப் பழக்கம் எங்கே போகும்?

“எந்த எடுபட்ட பய இப்பிடிக் கெழங்கக் கொட்டிட்டுப் போனான்?” என்று சொல்லிக்கொண்டே குனிந்து உருளைக்கிழங்கையெல்லாம் மடியில் பொறுக்கினாள். முந்தானையால் கல்லைத் துடைக்கவும் தொடங்கினாள். சுற்றி நின்றவர்கள் கேமராவை இறக்கிவிட்டு வாயைப் பிளந்தார்கள். ஒரு வயதான ஜெர்மன்காரம்மா வேகமாக வந்தார். அவர் கையிலும் ஓர் உருளைக்கிழங்கு! எனக்கு மானம் போயிற்று. நான் அம்மாவின் பழக்கத்தை விளக்க, அவர் தங்கள் பழக்கத்தை விளக்கினார். மக்களை உருளைக்கிழங்கு பயிரிடச் சொன்ன ராஜா இவராம். அந்த நன்றிக்கு இன்றைக்கும் கிழங்கு வைக்கிறார்களாம்.

“ஐயோ சேசுவே, படையலா!” என்று நாக்கைக் கடித்துக்கொண்ட அம்மா, கிழங்குகளைச் சிலுவை வடிவில் அழகாக அடுக்கிவைத்தாள். ஜெர்மன்காரம்மா தன் கிழங்கையும் அவளிடமே கொடுத்து, சிலுவையின் அடியில் வைக்கச் சொன்னார்.

அப்போதுதான் அப்பா, “பக்கத்துல வரிசையா இருக்குதே கல்லு, அதெல்லாம் யாரு?” என்று கேட்டார்.

நான் ஜெர்மன்காரம்மாவைக் கேட்டுச் சொன்னேன். எல்லாம் அந்த ராஜாவின் நாய்கள். இதெல்லாம் எனக்குச் சத்தியமாக முன்பே தெரியாது. தன்னைத் தன் நாய்களோடு இங்கேதான் புதைக்க வேண்டும் என்று ராஜா எழுதிவைத்திருந்தாராம். பின்னால் பட்டத்துக்கு வந்தவர் அதைக் கேட்காமல், ஊருக்குள் ஒரு கோயிலில் ராஜாவுடைய அப்பா பக்கத்தில் வைத்துவிட்டாராம். அப்புறம் சண்டை வந்து சவப்பெட்டி ஊர் ஊராக அலைந்து, இருநூறு வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் அவர் கேட்ட இடத்துக்கு வந்து சேர்ந்தாராம்.

அப்பா தலையிலிருந்த குல்லாவைக் கழற்றினார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. “கேட்டியா? ராஜா! அம்மாம் பெரிய ராஜா! நாய்கூடத்தான் படுப்பேன்னு சொல்லியிருக்காரு. ஊரு சிரிச்சுதா? கெழங்கு வெச்சுக் கும்பிடுது!” என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். சண்டையில் ஜெயித்துவிட்ட குரல் அது. எனக்கும் அவர் பக்கம்தான் நியாயம் என்று தோன்றியது. அந்தச் சுவரை நினைத்தால் எனக்கும் ரத்தம் கொதிக்கும்.

அம்மா கற்களை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை ஒருமுறை நடந்து பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து, “ராஜாவுக்குப் பொண்டாட்டி இல்லியா?” என்று கேட்டாள்.

“இருந்தாங்கம்மா.”

“அவங்க கல்லு எங்க?”

எனக்குத் தெரியவில்லை. ஜெர்மன்காரம்மாவைக் கேட்டேன். அவர் சொன்னதை மொழிபெயர்க்க எனக்கு வாய் வரவில்லை. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் சொன்னேன். ராணியைப் புதைத்தது பெர்லினில். உயிரோடு இருந்தபோதும் ராஜா அவரை இந்த அரண்மனைக்குக் கூப்பிட்டதே இல்லையாம்.

“இம்மாம் அழகான எடத்துக்கா?” என்றாள் அம்மா. திராட்சைப் படிகளையும் குளத்தையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அவள் குரல் உடைந்துவிட்டது. “பாவம் அந்தம்மா. எங்கியோ ஒண்டியா படுத்துக்கினு இருக்குது.”

அவ்வளவுதான் சொன்னாள். மந்திரித்த மண்ணைப் பற்றிப் பேசவில்லை, ஊர் சிரிப்பதைப் பற்றியும் பேசவில்லை. இத்தனை மாதம் அவள் எதற்காக அழுதாள் என்பது மரமண்டை எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அப்பா குல்லாவைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே நின்றார். கிளம்பலாம் என்றேன். படிக்கட்டில் பாதி இறங்கினோம். பிறகு அவர் நின்று, பின்னால் வந்த அம்மாவுக்குக் கையை நீட்டினார்.

“சரி வுடு. சுவரு இருந்தா இருந்துட்டுப் போவுது. ஒனக்குப் பக்கத்துலயே என்னையும் போடச் சொல்லு.”

“அப்ப ஒன் நாயி?”

“அதுகிட்ட நான் பேசிக்கிறேன்.”

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “அதுக்கு ஒண்ணும் ஜல்தியில்ல. படியப் பாத்து எறங்கு.”