பெயர் கேட்டால் ‘மாஃபி’: புஜைராவில் ஒரு லத்தீன் இசை நிறுவனம்

போன வெள்ளிக்கிழமை புஜைராவுக்குப் போனதற்குக் காரணம் கடற்கரை அல்ல. சல்சா, கும்பியா என்று லத்தீன் இசை கேட்டே கெட்டுப்போனவன் நான். அந்த இசையை ரெக்கார்டாக வெளியிடும் சின்ன நிறுவனம் ஒன்று அங்கே இருக்கிறது. அதைத் தொடங்கிய இருவரில் ஒருவரான கொலம்பியாக்காரர் கார்லோஸ் ஊரோடு திரும்பப் போகிறார், நிறுவனத்தை மூடிவிடலாம் என்று கேள்விப்பட்டதும் மனம் கேட்கவில்லை.

ஷார்ஜாவில் மதியம் ஒன்றரை மணிக்குப் பேருந்து. 25 திர்ஹாம், சுமார் 110 கிலோமீட்டர். மூன்றரைக்கு இறங்கி, 12 திர்ஹாம் டாக்சியில் துறைமுகப் பக்கம் போனேன்.

“மியூசிக் கம்பெனியா? உதர் சிர்ஃப் சாவல் ஹை, பாய்” என்றார் பட்டான் ஓட்டுநர். அங்கே வெறும் அரிசிதான் இருக்கிறது என்கிறார். அவர் சொன்னதும் சரிதான், நிறுவனம் நடப்பதே ஒரு அரிசி குடோனில்.

நிறுவனத்தைத் தொடங்கிய இன்னொருவரான கீழக்கரை மொய்தீன் பாய் கப்பல்களுக்கு மளிகை சப்ளை செய்பவர். கார்லோஸ் துறைமுக கேன்டீனில் சமையல்காரர். சரக்கு எடுக்க வந்த இடத்தில், பாயின் குடோனில் நின்று பாடியிருக்கிறார். அரிசி மூட்டைகள் எதிரொலியை விழுங்கிவிட்டதால் குரல் அவ்வளவு சுத்தமாகக் கேட்டதாம். மறுவாரமே பாய் மைக் வாங்கிவிட்டார். விவரமான ஆள்!

பெயர் வந்த கதையையும் அவரே சொன்னார்.

“மொத ரெக்கார்டுக்கு கவர் அடிக்கிற பிரஸ்ல கம்பெனி பேரு என்னன்னு கேட்டான். இன்னும் வைக்கலியே, ‘மாஃபி’ன்னேன். அப்படியே அடிச்சுட்டான், தம்பி!”

மாஃபி என்றால் இங்கே பேசும் அரபியில் ‘இல்லை’. இல்லாத பெயரிலேயே ஒன்பது ரெக்கார்டு வந்துவிட்டது.

“இப்ப கார்லோஸும் போறான். ஸ்பானிஷ்ல எனக்கு அட்சரம் தெரியாது. பாடுறது சரியா தப்பான்னு இனிமே யாரு சொல்லுவா?” என்றார். அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

நாலரைக்குப் பத்தாவது ரெக்கார்டுக்கான பதிவு. பாடியவர் மெக்சிகோவைச் சேர்ந்த ஒரு நர்ஸ். பாதிப் பாட்டில் பாய் சட்டென்று கையைத் தூக்கினார்.

“ஸ்டாப், சிஸ்டர். ஒன் வேர்ட் மிஸ்ஸிங்.”

அவர் மடியில் ஒரு நோட்டு. கார்லோஸ் பாடிக் காட்டிய வரிகள் அத்தனையும் அதில் தமிழ் எழுத்தில் இருந்தன. நர்ஸ் தன் தாளைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். கார்லோஸ் தன் ஹெட்போனைக் கழற்றி பாயின் தலையில் மாட்டிவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

போக நினைப்பவர்கள் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மேல் போங்கள். போனை அணைத்துவிடுங்கள். திரும்பும் பேருந்து நேரத்தை இறங்கியதுமே கேட்டு வையுங்கள். நான் கேட்காமல் டாக்சிக்கு 200 திர்ஹாம் தண்டம் அழுதேன். கார்லோஸ் அடுத்த வாரம் விமானம் ஏறிவிடுவார், அவரைத் தேட வேண்டாம். ஸ்பானிஷ் தெரிந்த மொய்தீன் பாய் எங்கே என்று கேளுங்கள்.