கடைவாய்ப் பல்லுக்குப் பொருந்தும் நிறம்

என் அக்கா வீட்டுக்காரர் பெயின்ட் கடையில் நிறம் கலப்பவர். உதிர்ந்த சுவர்ச் சில்லு ஒன்றைக் கொடுத்தால் போதும், அச்சு அசலாக அதே நிறத்தைக் கலந்துவிடுவார். ஆனால் பலகையில் ஒரு தீற்று தீற்றி, "காயட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லாமல் டப்பாவை மூடமாட்டார். அந்தப் பழக்கம் கடையோடு நின்றிருந்தால் எனக்கென்ன வந்தது?

அவருடைய ஆறு வயது மகளுக்குக் கடைவாய்ப் பால்பல் சொத்தை. பல் டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னார்.

"வேருக்குப் போறதுக்குள்ள பல்லு மேல உறை மாதிரி கேப் போட்டுடலாம். ஸ்டீல்னா இன்னிக்கே முடிஞ்சிடும். வெள்ளைன்னா பல்லை இன்னும் கொஞ்சம் தேய்ச்சுக் குறைக்கணும். எதுன்னாலும் சரி, தள்ளிப் போடாதீங்க. இந்தப் பல்லு தானா விழ நாலஞ்சு வருஷமாகும்."

வாயில்லாப் பூச்சியான என் அக்காகூட ஸ்டீலுக்குத் தலையாட்டினாள். அத்தான் விட்டாரா? "பொண்ணு சிரிச்சா மின்னுமே!" என்றார். கடைவாய் தெரியச் சிரிப்பதற்கு அந்தக் குழந்தையை வலி விட்டால்தானே!

சரி, வெள்ளையாவது போட்டாரா? கடையிலிருந்து நிற அட்டையைக் கொண்டுவந்து, மகளை ஜன்னலோரம் உட்காரவைத்து, "ஆ காட்டு" என்றார்.

"டாக்டர் காட்டின வெள்ளை ரொம்பப் பளிச்சுன்னு இருக்கு. பக்கத்துப் பல்லுல லேசா மஞ்சள் ஓடுது. ஒட்டாது."

"அத்தான், இதென்ன ஹால் சுவரா? ஏதோ ஒண்ணைப் போட்டுத் தொலைங்க!" என்று கத்தினேன்.

"அவசரப்படாதே. ஞாயித்துக்கிழமை வெயில்ல ஒருதரம் பார்த்துடறேன்."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். ஞாயிறன்று மேகமூட்டம் என்பதால் அடுத்த ஞாயிறுக்குத் தள்ளினார். அதற்குள் குழந்தையின் கன்னம் பன் மாதிரி வீங்கிவிட்டது. தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"சீழ் வச்சிருக்கு. இனிமே எந்த கேப்பும் நிக்காது, பல்லை எடுத்துத்தான் ஆகணும்" என்றார் டாக்டரம்மா. அக்கா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அத்தானின் சட்டைப்பையில் அப்போதும் அந்த நிற அட்டை துருத்திக்கொண்டிருந்தது.

வாயில் பஞ்சைக் கடித்தபடி குழந்தை வெளியே வந்தாள். டாக்டரம்மா சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்திருந்த பல்லை அப்பாவிடம் நீட்டினாள். கோபமெல்லாம் இல்லை, அப்பாவுக்கு உதவுகிறாளாம்.

"இந்தாப்பா. இனிமே இது வலிக்காது. வெயில் வந்ததும் மெதுவாப் பாரு."