மைக் நாயகத்துக்குக் கற்பூரம் மணக்கவில்லை

ராஜநாயகம் என்று முழுப் பேர் சொல்லிக் கேட்டால் சாந்தோமில் யாருக்கும் தெரியாது. மைக் நாயகம் என்று கேட்க வேண்டும். சர்ச்சில் தேர் கிளம்பினாலும் சரி, பேட்டையில் எவன் செத்தாலும் சரி, நாளைக்குக் குழாயில் தண்ணீர் வராது என்றாலும் சரி, சேதி அவன் ஆட்டோ மேல் கட்டிய ரெண்டு ஸ்பீக்கர் வழியாகத்தான் தெருவுக்கு வரும். குரல் அப்படி. கத்தமாட்டான். பக்கத்தில் உட்கார்ந்து உனக்கு மட்டும் சொல்கிற மாதிரி சொல்வான். மூன்றாவது மாடியில் துணி காயப்போடுகிறவள் கையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பாள். அடுப்பில் இருக்கிறதை இறக்கிவைத்துவிட்டு வாசலுக்கு வருவார்கள்.

அப்பேர்ப்பட்ட குரலை வைத்துக்கொண்டு, போன வருஷம் ஒரே ஒரு கேட்டை அவனால் திறக்க முடியவில்லை.

கொரோனா முதல் தடவை வந்த நேரம். அவன் பெண்சாதி வெரோனிகாவுக்கு ஏற்கெனவே இளைப்பு. சும்மா இருந்தவளைக் கொரோனாவும் பிடித்துக்கொண்டது. எந்த ஆஸ்பத்திரியிலும் படுக்கை இல்லை. எம்.எல்.ஏ. ஒரு வார்த்தை சொன்னால் கிடைக்கும் என்று எவனோ சொல்ல, அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அடையாறில் சந்திரமௌலி வீட்டு வாசலுக்கே போய்விட்டான். பின் சீட்டில் அவள் கரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடுகிறாள். இவன் கேட்டைத் தட்டுகிறான். வாட்ச்மேன் உள்ளேயிருந்தே விரட்டினான்: "ஐயா யாரையும் பாக்குறதில்ல. வண்டிய எடுத்துக்கினு போப்பா, இங்க இருமாத." மாடியில் ஒரு திரை ஒதுங்கியது. மறுபடி மூடிக்கொண்டது. அவ்வளவுதான். "ஒண்ணுமில்லய்யா, நான் நல்லாத்தான் கீறேன், வீட்டுக்குப் போலாம்" என்றாள் வெரோனிகா, பேச்சுக்கு நடுவில் நாலு இடத்தில் மூச்சு நின்றது.

கடைசியில் சர்ச் பாதர் யார் காலையோ பிடித்து ஒரு படுக்கை வாங்கினார். பிழைத்து வந்தாள். ஆனால் பாதி மூச்சுதான் திரும்பி வந்தது. அனுப்பும்போது டாக்டர் ஒரு வார்த்தை சொன்னார்: "இன்னொரு தடவை வந்தா இந்த நுரையீரல் தாங்காது." அந்த வார்த்தை நாயகத்தின் நெஞ்சுக்குள் முள்ளாய்த் தைத்து நின்றது. அவள் ராத்திரி புரண்டு படுத்தால் இவன் எழுந்து உட்கார்ந்துவிடுவான்.

இந்த வருஷம் தேர்தல் வந்தது. சந்திரமௌலி மேல் தொகுதியே காறித் துப்பியது. ஆனாலும் அவரிடம் ஆள் இருந்தது, பணம் இருந்தது. எதிர்த்து நின்ற சாய்நாத்துக்குப் பாண்டி பஜாரில் ஒரு பாத்திரக்கடை இருந்தது, அத்தோடு சரி. கெட்ட மனுஷன் இல்லை. அவருக்கு யோசனை சொல்ல, தேர்தல் வேலை எடுத்துச் செய்கிற ஒரு தி.நகர் ஆபீசிலிருந்து அச்யுத் என்று ஒரு பையன் வந்தான். முப்பது வயசு, கையில் லேப்டாப், சாப்பிட நேரமில்லாமல் எந்நேரமும் பிஸ்கட். நாயகத்தின் கேட் கதையை டீக்கடையில் கேட்டவன், அங்கேயே லேப்டாப்பை மூடிவிட்டான்.

"இதுதான் அண்ணா எலெக்‌ஷன். ரோடு, தண்ணி, கமிஷன் எதுவும் பேச வேண்டாம். அவர் கதவை மூடினார். நம்மாள் எல்லார் வீட்டுக் கதவையும் தட்டுறார். அவர் பயந்தவர், இவர் பயப்படாதவர். மிச்சத்தை ஜனங்களே சேர்த்துப்பாங்க."

"வீடு வீடாவா?"

"வீட்டுக்குள்ள. கையைப் பிடிச்சுப் பேசணும், ஆரத்தி எடுத்துக்கணும். வாசல்ல மாஸ்க்கைக் கழட்டிடணும். முகம் தெரியலைன்னா பயப்படாதவர்னு எப்படித் தெரியும்?"

நாயகம் தன் மாஸ்க்கை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டான். ஆனால் அந்தத் திரை ஒதுங்கி மூடியது கண்ணுக்குள் நின்றது. சரி என்றான்.

யோசனை பலித்தது. நாயகம் முன்னால் ஆட்டோவில் கதையைச் சொல்லிக்கொண்டே போவான். கதவெல்லாம் திறக்கும். பின்னால் சாய்நாத் கும்பிட்டுக்கொண்டே வருவார். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டைச் சுற்றுவார்கள். சந்திரமௌலி போஸ்டர் மேல் எவனோ கரியால் ஒரு மூடின கேட்டை வரைந்துவைத்தான். சந்திரமௌலி ஆட்கள் அரண்டுபோனார்கள்.

வெரோனிகா மட்டும் குத்திக்காட்டினாள். "என் மூச்ச தெருத்தெருவா கூவி வித்துக்கினு கீற. கிலோ எவ்ளோன்னு போவுது?"

"அந்தாளு மறுக்கா ஜெயிச்சா இன்னாடி பண்றது?"

"ஜெயிச்சா ஜெயிச்சுட்டுப் போறான். நீ அந்த நோவ வூட்டுக்குள்ள இட்டாந்துடாத, அது போதும்."

பயம் அவனுக்கும் இருந்தது. அதனால் தினமும் கீழே பொதுக்குழாயடியிலேயே குளித்து, சட்டையைச் சோப்புத் தண்ணீரில் முக்கி வைத்துவிட்டுத்தான் மாடி ஏறுவான். அது போதும் என்று நினைத்தான். அங்கேதான் கோட்டை விட்டான்.

ஓட்டுப் போட ஒரு வாரம்கூட இல்லை. மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்து. கோமளம் என்கிற அம்மாள் வீட்டு வாசலில் ஆரத்தி. சாய்நாத் மாஸ்க்கைக் கழற்றிக் கும்பிட்டு நிற்கிறார், தோளோடு தோளாக நாயகம். உள்ளே ஊஞ்சலில் அந்தம்மாள் வீட்டுக்காரர், இளைப்புக்கு உறிஞ்சுகிற மருந்தைக் கையில் பிடித்தபடி எட்டிப் பார்க்கிறார். காற்று திரும்பிக் கற்பூரப் புகை நாயகத்தின் முகத்தில் அடித்தது. கண் எரிந்தது, தண்ணீர் வந்தது. வாசனை வரவில்லை.

குனிந்தான். இன்னும் குனிந்தான்.

"என்னப்பா இது, தட்டுக்குள்ளயே விழுந்துடுவ போலிருக்கே!" என்றாள் கோமளம்.

"இன்னா கற்பூரம்மா இது? வாசனையே காணோம்?"

"நன்னாருக்கு போ! நேத்திக்கு வாங்கினது. உள்ளே ஊஞ்சல் வரைக்கும் மணந்துண்டிருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். நாயகமும் சிரிக்க வாயைத் திறந்தான், திறந்த வாயைக் கையால் பொத்திக்கொண்டான்.

ஆட்டோவுக்கு ஓடினான். சாய்நாத்துக்குப் போட்டு இறக்கிய மல்லிகை மாலை சீட்டில் கிடந்தது. முகத்தில் வைத்து அழுத்தினான். ஈரம் தெரிந்தது, பூ தெரியவில்லை. பெட்ரோல் டாங்க் மூடியைத் திறந்து மூக்கை வைத்தான். வெறும் காற்று. காலையில் வெரோனிகா சொன்னது அப்போதுதான் உறைத்தது. "உப்புமா அடிப்புடிச்சு வூடே நாறுது, நீ இன்னாய்யா மூஞ்சி சுளிக்காம துன்னுற?" தன் மனசு நோகக் கூடாது என்று தின்பதாக அவள் நினைத்தாள். அவனோ, சொல்லப்போனால், ஒன்றுமே நினைக்கவில்லை. நாக்கில் காரம் இருந்தது, சாப்பிட்டான். அப்படியென்றால் கொரோனா காலையிலேயே வந்துவிட்டது. முந்தின ராத்திரி புழுக்கம் தாங்காமல் அவள் எழுந்து உட்கார்ந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து அவள் முகத்துக்கு நேரே விசிறிக்கொண்டிருந்தானே!

மாதாவே.

அச்யுத்தைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான். அந்தப் பையன் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது.

"டெஸ்ட் எடுத்துடாதீங்க அண்ணா."

"இன்னாது?"

"எடுத்து பாசிட்டிவ் வந்துருச்சுன்னா சாய்நாத் சார் வீட்டோட உக்காரணும். 'மூடின கதவுன்னு எங்களைச் சொன்னே, நீ வீடு வீடாப் போய் நோயைக் கொடுத்தே'ன்னு நாளைக்கே ஆரம்பிச்சுடுவாங்க. இவ்வளவு நாள் உழைப்பு போச்சு. தி.நகர்ல ஒரு லாட்ஜ் ரூம் போடறேன். செவ்வாய்க்கிழமை ஓட்டு. அதுவரைக்கும் பேசாம படுத்துக்கங்க. அண்ணா, எங்க வீட்லயும் அப்பா இருக்கார். எனக்கு மட்டும் பயமில்லையா?"

சாய்நாத் எதற்கோ பக்கத்தில் வந்தவர் பேசியதைக் கேட்டுவிட்டார். நாயகத்தைப் பார்த்தார். ரெண்டு அடி பின்னால் போனார். பாக்கெட்டிலிருந்து மாஸ்க்கை எடுத்து, காதில் மாட்டி, மூக்கை அழுத்திவிட்டுக்கொண்டார். எதிரே நிற்கிறவரைப் பார்த்து அவர் மாஸ்க் போட்டு அன்றைக்குத்தான் எல்லாரும் பார்த்தார்கள். "உடம்பப் பாத்துக்கங்க நாயகம்" என்றார். அந்த மாஸ்க்கைப் பார்த்ததும்தான் நாயகத்துக்கு நிஜமான பயம் வந்தது.

வெரோனிகாவுக்குப் போன் போட்டான்.

"ஏய், ஊதுவத்தி ஏத்து. வாசனை வருதா பாரு."

"இன்னாய்யா, குடிச்சிக்கினியா?"

"ஏத்துடி!"

தீக்குச்சி உரசுகிற சத்தமே கேட்கவில்லை. அதற்குள், "வருது, வருது." ரொம்பச் சீக்கிரம் சொன்னாள். அவனுக்குப் புரிந்துவிட்டது. மூச்சு முட்டும்போதே நல்லாத்தான் கீறேன் என்றவள் அவள். அவள் வாய்ச் சொல்லை நம்ப முடியாது.

ஆட்டோவை வீட்டுக்கு, பட்டினப்பாக்கத்துக்கு விட்டான். ஹவுசிங் போர்டு பிளாக்குக்கு எதிரே மரத்தடியில் நிறுத்தி, இறங்காமல், மூக்கோடு வாயைத் துண்டால் கட்டிக்கொண்டு மேலே பார்த்தான். பக்கத்து வீட்டு அமீனா பீயைப் போனில் பிடித்தான். அமீனா பீ மாஸ்க்கும் அதன் மேல் முந்தானையுமாகக் கட்டிக்கொண்டு, வெரோனிகாவை இரண்டாவது மாடிப் பால்கனியில் உட்காரவைத்து, கையை எட்ட நீட்டி அவள் கண்ணைத் துப்பட்டாவால் கட்டினாள்.

"இன்னாடி இது, பள்ளிக்கூடத்துப் பசங்க கணக்கா" என்று வெரோனிகா சலித்துக்கொண்டாள்.

"வாய மூடு. மூக்க மட்டும் தொற" என்றாள் அமீனா பீ. மேலேயிருந்து அவள் போட்ட சத்தத்துக்கு மைக்கே வேண்டாம். "அண்ணாத்தே, மொதல்ல வைக்கிறேன்!"

"சீரகம்" என்றாள் வெரோனிகா.

"கரெக்ட்டு! ரெண்டாவது!"

"தூ! கிருஷ்ணாயில். கொண்டுபோ அப்பால."

"கரெக்ட்டு! இது மூணாவது!"

வெரோனிகா இழுத்துப் பார்த்தாள். தலையைத் திருப்பி மறுபடி இழுத்தாள். கீழே நாயகம் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"தெரியல" என்றாள். பிறகு சின்னக் குரலில், "ஒண்ணுமே தெரியலக்கா."

நாயகத்துக்கு முன்னால் இருந்த ரோடு, மரம், பிளாக் எல்லாம் ஒரு தடவை ஆடி நின்றன. டாக்டர் குரல் காதுக்குள் கேட்டது. மறுபடி எந்தக் கேட்டு, எந்த வாட்ச்மேன், யார் காலில் விழ வேண்டும் என்று மனசு ஓட ஆரம்பித்துவிட்டது.

"அரே அல்லா!" என்று அமீனா பீ கத்தினாள். "டப்பா மூடியே தொறக்கல நானு!"

மூடி திறந்தது.

"கற்பூரம்!" என்று வெரோனிகாவும் கத்தினாள். கட்டை அவிழ்த்து எறிந்துவிட்டுக் கீழே பார்த்துத் திட்ட ஆரம்பித்தாள். திட்டட்டும், திட்ட மூச்சு இருக்கிறதே. நாயகம் ஹேண்டில்பார் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான்.

முதல் மாடியில் ஒரு ஜன்னல் படாரென்று மூடியது. கண்ணைக் கட்டி மோந்து பார்ப்பது எதற்கு என்று யாருக்கோ புரிந்துவிட்டது. அந்தச் சத்தம் அவனைச் சுட்டது. பதிலுக்கு வாய் வரை ஒரு கெட்ட வார்த்தை வந்தது. அதற்குள் மயிலாப்பூர் ஊஞ்சலும், அதில் மருந்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த மனுஷனும் நினைவுக்கு வந்தார்கள். அவன் தன் கதையைச் சொல்லிச் சொல்லித் திறக்கவைத்த கதவு அது. அந்த வீட்டில் இன்றைக்கு யார் யாருக்கு முகத்துக்கு நேரே விசிறுவார்கள்?

ஆட்டோவைத் திருப்பினான். போன் அடித்தது, அச்யுத். எடுக்கவில்லை.

சித்திரக்குளத்துச் சந்து முனையில் நிறுத்தி, மைக்கைத் துண்டுக்கு மேலேயே வைத்துப் பிடித்தான். "பெரியோர்களே, தாய்மார்களே, நான் மைக் நாயகம் பேசறேன். காலையில உங்க வூட்டு வாசல்ல நின்னேன். எனக்கு வாசனை தெரியல. அதுவாத்தான் இருக்கும். வயசானவங்களத் தனியா வைங்க. கதவ மூடிக்குங்க. வெளிய வராதீங்க."

வழக்கம்போல, பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிற மாதிரியேதான் சொன்னான். வழக்கம்போலவே கதவெல்லாம் திறந்தன. என்ன சொல்கிறான் என்று கேட்க ஜனங்கள் வாசலுக்கு வந்தார்கள். கோமளம் கையைத் துடைத்துக்கொண்டே படியிறங்கினாள். அவளுக்குப் பின்னால் அந்த மனுஷன், நிலையைப் பிடித்துக்கொண்டு, காதைக் கொடுத்துக்கொண்டு.

"வராதீங்கன்னு சொல்றேன்ல!"

"என்னப்பா சொல்ற? சரியாக் காதுல விழலையே" என்று கோமளம் இன்னும் ரெண்டு அடி வைத்தாள்.

"உள்ள போம்மா!" அவன் மைக்கில் கத்தியது வாழ்க்கையிலேயே அப்போதுதான். பழக்கமில்லாத தொண்டை. கத்தல் பாதியில் உடைந்து இருமலாய் மாறியது. நிறுத்தப் பார்த்தான், நிற்கவில்லை. ரெண்டு ஸ்பீக்கரும் அந்த இருமலைச் சந்து முழுக்க இறைத்தன.

கோமளம் நின்றாள். புரிந்தது. புருஷனைத் தோளைப் பிடித்து உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். அப்புறம் எதிர் வீடு. அப்புறம் பக்கத்து வீடு. தாழ்ப்பாள் விழுகிற சத்தம் சந்தின் கடைசி வரைக்கும் போயிற்று.

மைக்கை அணைத்தான். போனில் அச்யுத்தின் குரல் செய்தி வந்திருந்தது: "முடிச்சுட்டீங்க அண்ணா." அவ்வளவுதான் அதில். டெஸ்ட் எடுக்கக் காய்ச்சல் முகாமுக்கு வண்டியை விடுவதற்கு முன்னால் வெரோனிகாவைக் கூப்பிட்டான்.

"கதவ சாத்திக்கினியா?"

"சாத்திக்கினேன்."

"நான் வந்து தட்டினாலும் தொறக்காத."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. உள்ளே போவது, வெளியே வருவது, நடுவில் அந்தப் பழைய கீச்சுச் சத்தம். அவன் போனைக் காதோடு அழுத்திக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"கற்பூரம் இன்னும் மணக்குதா?"

"மணக்குதுய்யா."

"நாளைக்கும் மோந்து பாத்துச் சொல்லு. பொய் சொல்லாத."